மாட்டேறும் மறுபயன் தொகுதியும்

நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் வயல்வெளிகள் அச்சொல்லைத் தம் பெயரில் தாங்கி நாஞ்சில் நாடு என வழங்குகின்றன. இச்சொல்லை அடுத்து வேறொரு சொல் வந்து நிற்கும்போது என்ன நிகழ்கிறது என்று பார்க்கலாம். புறநானூற்றுப் புலவர்கள் பாடிய தலைவன் ஒருவனின் பெயர் நாஞ்சில் வள்ளுவன். இங்கே இரு சொற்களும் மாற்றமின்றி நிற்கின்றன. அவனை நாஞ்சிற் பொருநன் என்று சுட்டும்போது லகரம் றகரமாகிவிடுகிறது. நாஞ்சில் நாடு என்று இன்று நாம் பிரித்து எழுதுவதை முன்னோர் நாஞ்சினாடு எனச் சேர்த்து எழுதியுள்ளனர். அங்கே லகரம் னகரமாகத் திரிந்து, நகரம் மறைந்துவிட்டது. நிலைமொழி ஒன்றுதான். வரும் சொல்லின் முதலெழுத்து மாறியதால் முடிவு மூன்று வகையானது.

இவற்றையெல்லாம் ஒருவர் விதிகளாக எழுதிவைக்க முனைந்தால் எத்தனை விதிகள் தேவைப்படும்? தமிழ் இலக்கணிகள் முதலில் எதிர்கொண்ட கணக்கு இது. ஏறத்தாழ இதே கணக்கைக் கணினி அறிவியலார் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு துறையில் எதிர்கொண்டனர். இரு சாராரும் கண்ட தீர்வும், அத்தீர்வில் ஒளிந்திருக்கும் ஆபத்தும் ஒன்றையொன்று ஒத்தவை.

ஆயிரம் சேர்க்கைகள்

தொல்காப்பியத்தின்படி ஒரு சொல்லின் இறுதியில் நிற்கக்கூடிய எழுத்துகள் 24. உயிர் பன்னிரண்டு, மெய் பதினொன்று, குற்றியலுகரம் ஒன்று. சொல்லின் முதலில் வரக்கூடியவை 22. ஒவ்வோர் ஈற்றோடும் ஒவ்வொரு முதலெழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் 528 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றை வேற்றுமைப் புணர்ச்சி, அல்வழிப் புணர்ச்சி என இரண்டாகப் பகுத்தால் 1056. நிலைமொழியும் வருமொழியும் பெயரா வினையா என்று மேலும் பிரித்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். ஆனால், எழுத்ததிகாரம் முழுவதிலும் உள்ள நூற்பாக்கள் 483 தான். அதிலும் எழுத்துகளின் வகை, மொழியில் அவை நிற்கும் இடம், அவற்றின் பிறப்பு ஆகியவற்றைக் கூறும் முதல் மூன்று இயல்களைக் கழித்துவிட்டால், புணர்ச்சிக்கென எஞ்சுபவை நானூறுக்கும் குறைவு.

இச்சுருக்கத்தின் முதற்படி எளிமையானது. அகர ஈற்றுப் பெயரின் முன் க, ச, த, ப என்னும் வல்லெழுத்துகள் வந்தால் என்ன ஆகும் என்பதை நான்கு நூற்பாக்களாகச் சொல்லாமல், வரும் எழுத்து எதுவோ அதற்கு ஒத்த ஒற்று மிகும் என்று தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் முடித்துவிடுகிறார். ககரம் வந்தால் க், சகரம் வந்தால் ச். நூற்பாவில் எழுத்தின் பெயருக்குரிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. வருமொழி வந்து அதனை நிரப்பிக்கொள்கிறது. கணக்குப் பாடத்தில் x என்று எழுதுவதைப் போன்றதே இது.

ஓகாரத்திலிருந்து அகரம் வரை

இரண்டாம் படியே இப்பாடத்தின் மையம். உயிர்மயங்கியல் என்னும் இயல் உயிரீறுகளை அகரம் தொடங்கி வரிசையாக எடுத்துப் பேசுகிறது. அகர ஈற்றுக்கு விதியை விரிவாகக் கூறிய ஆசிரியர், ஆகார ஈற்றுக்கு வந்ததும் அதனை மீண்டும் கூறவில்லை. ஆகார ஈறு அகர ஈற்றின் இயல்பினது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முன்னர்க் கூறிய ஒன்றைச் சுட்டி, அதன் இயல்பை இன்னொன்றுக்கு ஏற்றும் இம்முறையை உரையாசிரியர்கள் மாட்டேறு என்பர். நன்னூல் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டு உத்திகளுள் மாட்டெறிந்தொழுகல் என்பதும் ஒன்று.

மாட்டேறு ஒருமுறை வந்து நின்றுவிடுவதில்லை. ஊகார ஈற்றைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர் ஆகார ஈற்றைச் சுட்டுகிறார். ஏகார ஈற்றுக்கு ஊகார ஈற்றையும், ஓகார ஈற்றுக்கு ஏகார ஈற்றையும் காட்டுகிறார். எனவே, ஓகார ஈற்றுச் சொல் ஒன்றின் முன் வல்லெழுத்து வந்தால் என்ன ஆகும் என்று தேடும் மாணவர் ஏகாரத்துக்குச் சென்று, அங்கிருந்து ஊகாரத்துக்கும், பின்னர் ஆகாரத்துக்கும், இறுதியில் அகரத்துக்கும் சென்று சேர வேண்டும். நான்கு படிகள் இறங்கிய பின்னரே ஒற்று மிகும் என்னும் விடை கிடைக்கிறது. ஓகார ஈற்றுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் ‘ஓ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லின் பொருள் மதகில் நீரைத் தாங்கி நிற்கும் பலகை என்பது. குளமும் மதகுமாக வாழ்ந்த நாஞ்சில் நாட்டில்கூட இன்று அச்சொல்லுக்கு வழக்கில்லை.

இதே இயலில் இன்னொரு நுட்பமும் உண்டு. மேலே சொன்னவை அல்வழிக்கு உரியவை. வேற்றுமையிலும் அது அப்படியே என்னும் பொருளுடைய சிறு நூற்பா ஒன்று, அகரம், ஆகாரம், ஈகாரம், உகரம் எனப் பல ஈறுகளுக்குப் பின்னும் அதே சொற்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. சொற்கள் மாறுவதில்லை, பொருள் ஒவ்வோரிடத்திலும் மாறுகிறது. அந்நூற்பாவில் உள்ள ‘அது’ என்னும் சுட்டு, அகரத்தின் பின் நின்றால் அகர ஈற்றையும், உகரத்தின் பின் நின்றால் உகர ஈற்றையும் குறிக்கிறது. ஒருமுறை செய்த அச்சை எடுத்துவந்து வெவ்வேறு களிமண்ணில் அழுத்துவது போன்றது இது.

மெய்யீறுகளிலும் இம்முறை தொடர்கிறது. பொன் என்பதோடு குடம் சேர்ந்தால் பொற்குடம். வேற்றுமைப் பொருளில் வல்லெழுத்து வரும்போது னகரம் றகரமாகிறது. லகர ஈறும் னகர ஈற்றைப் போன்றதே என்பது விதி. கடல், கரை – கடற்கரை. நெல், கதிர் – நெற்கதிர். அதுபோலவே மண், குடம் என்பவை மட்குடம் ஆவதைக் கூறிவிட்டு, ளகர ஈறு ணகர ஈற்றைப் போன்றது எனக் கூறுவதால் முள், செடி என்பவை முட்செடி ஆகின்றன.

மாவும் பலாவும்

அது போல இது என்று சொல்வது எளிது. எந்த அளவுக்குப் போல என்று சொல்வதுதான் கடினம். மாட்டேற்றின் பயன், சுட்டப்படும் விதியில் மட்டும் இல்லை. அவ்விதி எங்கே செல்லாது என்பதை உடன் எழுதிவைப்பதிலும் இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீட்டுக்கு வீடு பலாவும் மாவும் நிற்கும். இரண்டும் ஆகார ஈற்று மரப்பெயர்கள். ஆகார ஈறு அகர ஈற்றைப் போன்றது என்னும் விதியை மட்டும் கொண்டால் பலாப்பழம் என்று சரியாக வரும். அதே விதி மாவுக்கு மாப்பழம் என்னும் வடிவத்தைத் தரும். அப்படி யாரும் சொல்வதில்லை. மாம்பழம் என்றே சொல்கிறோம். இதனை அறிந்தே தொல்காப்பியர் யா, பிடா, தளா என்னும் மூன்று பெயர்களுக்கு மெல்லெழுத்து மிகும் எனத் தனியே விதித்து, மாமரத்தைக் குறிக்கும் பெயரும் அம்மூன்றைப் போன்றதே என்கிறார். விதிவிலக்கைக் கூறும் இடத்திலும் அவர் மாட்டேற்றையே கையாள்வதைக் காணலாம். பலா போலக் குற்றெழுத்தை அடுத்து ஆகாரம் நிற்கும் சொற்களுக்கோ, அகரம் ஒன்று கூடுதலாக வரும் என்று இன்னொரு குறிப்பு தரப்படுகிறது. அதனால்தான் பழைய உரைகளில் பலாஅக்கோடு என்னும் எடுத்துக்காட்டைக் காண்கிறோம். அகரத்திலிருந்து கடன்வாங்கிய விதி, ஆகாரத்துக்கு வந்தபின் இவ்வாறு சொந்தமாகச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறது.

நெல்லும் மீனும் இதற்கு நல்ல சான்றுகள். லகர ஈறு வேற்றுமையில் றகரமாகும். அல்வழியில் திரிந்தும் திரியாமலும் வரலாம் என்பது பொது விதி. கற்குறிது என்றும் கல்குறிது என்றும் இருவகையாகவும் கூறலாம். ஆனால் நெல், செல், கொல், சொல் என்னும் நான்கும் அல்வழியிலும் வேற்றுமையைப் போலவே திரியும் எனத் தொல்காப்பியம் விலக்களிக்கிறது. மாறாக, மீன் என்னும் சொல்லுக்கு விதி தளர்த்தப்படுகிறது. பொன் பொற்குடமானது போல மீன் கட்டாயமாகத் திரிய வேண்டியதில்லை; மீன்கண், மீற்கண் என இரண்டும் ஏற்கப்படுகின்றன. இன்று குளச்சல் கடற்கரையில் மீன்கூடை என்றுதான் சொல்வார்கள். மீற்கூடை என்றால் அப்படியொரு கூடையை அங்கு யாரும் அறியமாட்டார்கள்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லகர ஈறு னகர ஈற்றைப் போன்றது என்று மாட்டும்போது, னகர ஈற்றின் பொது இயல்பு மட்டுமே லகரத்துக்குச் செல்கிறது. மீன் என்னும் சொல்லுக்கு அளித்த விலக்கு செல்வதில்லை. அது அச்சொல்லுக்கே உரியது. எது செல்லும், எது தங்கும் என்று பிரித்தறிவதே உரையாசிரியர்களின் உழைப்பில் பெரும்பகுதியாக இருந்திருக்கிறது. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவதைச் சலிப்பூட்டும் வேலையாக நினைக்கும் மாணவர் உண்டு. உண்மையில் அவர்கள் செய்தது சோதனை. ஒவ்வொரு சொல்லையும் விதியின் வெற்றிடத்தில் இட்டு, வழக்கில் உள்ள வடிவம் கிடைக்கிறதா என்று சரிபார்த்தார்கள்.

அச்சோதனையின் தொடக்கத்தை நூலின் அரங்கேற்றத்திலேயே காணலாம். பனம்பாரனார் இயற்றிய சிறப்புப்பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதைக் கூறுகிறது. நச்சினார்க்கினியர் சொல்லும் கதையில், அவ்வாசான் குற்றங்களை அடுக்கிக் கேட்கிறார். நூலாசிரியர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகிறார். கன்னியாகுமரி மாவட்டத்தில், நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, அதங்கோடு என்னும் ஊர் இன்றும் இருக்கிறது. அவ்வூரே ஆசானின் ஊர் என்று அப்பகுதி மக்கள் போற்றுகின்றனர். ஊர் எதுவாயினும், ஓர் இலக்கண நூல் அதனை எழுதியவர் அல்லாத ஒருவரால் துருவிக் கேட்கப்பட்டு, அதன்பின்னரே வெளிவந்தது என்னும் மரபுச் செய்தி கருதத்தக்கது.

நன்னூலின் மறுசீரமைப்பு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவருக்குத் தொல்காப்பியத்தின் நீண்ட மாட்டேற்றுச் சங்கிலி தேவைப்படவில்லை. உயிரீறு எதுவாயினும் க, ச, த, ப வந்தால் மிகும் என்று ஒரே பொது விதியை முன்னே வைத்து, விலக்குகளைப் பின்னே தொடுத்தார். ணகர, னகர ஈறுகள் முறையே டகர, றகரங்களாகத் திரிவதை நிரல்நிறையாக ஒரே நூற்பாவில் அமைத்தார். லகர, ளகரங்களுக்கும் அவ்வாறே செய்தார். முறையே என்னும் சொல் இங்கே இரண்டு வெற்றிடங்களை ஒருங்கே நிரப்பும் வேலையைச் செய்கிறது.

தொல்காப்பியரின் முறையில் ஓர் ஈற்றைப் பற்றிய செய்திகள் அனைத்தும் அந்த ஈற்றின்கீழேயே கிடைக்கும். ஆனால் பொது விதியைத் தேடிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பவணந்தியாரின் முறையில் பொது விதி கண்முன் நிற்கும்; விலக்குகளை வேறிடத்தில் தேட வேண்டும். கற்பிக்க எளிது நன்னூல். வழக்கின் நுண்மைகளை அறியத் தொல்காப்பியமே துணை.

வடமொழி இலக்கணமான பாணினியின் அட்டாத்தியாயியும் ஒரு விதியின் சொற்களை அடுத்தடுத்த விதிகளுக்கு நீட்டிக்கொள்ளும் முறையால் பெரும் சுருக்கத்தை எட்டியது. நிரல்மொழிகளின் தொடரமைப்பை விவரிக்கப் பயன்படும் குறியீட்டு முறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கலாம் என்று 1967ஆம் ஆண்டு கணினி இதழ் ஒன்றில் இங்கர்மன் என்பவர் எழுதினார். இதனால் பழைய இலக்கணிகள் கணினியை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது பிழை. மிகப் பலவற்றைக் குறைந்த சொற்களில், பிழையின்றி, பிறர் பயன்படுத்தும்படி எழுத வேண்டும் என்னும் தேவை எழுந்த இடங்களில் எல்லாம் மனித அறிவு ஏறத்தாழ ஒரே வழியில் சென்றிருக்கிறது. அவ்வளவே.

கணினி உலகில்

ஒரு நிரலை எழுதுவதற்கு முன், அது என்ன செய்ய வேண்டும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைப்பது விவரக்குறிப்பு. அன்றாட மொழியில் அதனை எழுதினால் ஐயம் புகுந்துவிடும். சின்னமுட்டம் துறைமுகத்தில் ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம் உண்டு என்று எழுதினால், படகுக்கு ஓர் இடமாகத் தனித்தனி இடங்களா, எல்லாப் படகுகளுக்கும் பொதுவான ஒரே இடமா என்பது தெளிவில்லை. மனிதர் சூழலைக் கொண்டு புரிந்துகொள்வர். இயந்திரம் புரிந்துகொள்ளாது. எனவே கணம், சார்பு, தருக்கம் ஆகிய கணிதக் கருவிகளைக்கொண்டு எழுதப்படும் முறைசார் விவரக்குறிப்பு மொழிகள் தோன்றின. 1970களின் இறுதியில் ழான் ரேமோன் அப்ரியால் என்னும் பிரெஞ்சு அறிஞரின் கருத்துகளிலிருந்து ஆக்சுபோர்டில் வளர்ந்த ‘இசட்’ மொழி அவற்றுள் புகழ்பெற்றது.

சிறிய அமைப்புகளை இம்மொழிகளில் எழுதுவது எளிது. அமைப்பு பெரிதானதும் தொல்காப்பியரின் கணக்கு மீண்டும் வந்தது. படகுகள் காத்து நிற்கும் வரிசை, மருத்துவமனையில் நோயாளிகளின் வரிசை, அச்சுப்பொறியில் காத்திருக்கும் கோப்புகளின் வரிசை – எல்லாவற்றிலும் முதலில் சேர்ந்தது முதலில் வெளியேறும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பக்கம் பக்கமாக எழுதுவதா? வரிசை என்பதை ஒருமுறை எழுதி, எதன் வரிசை என்னும் இடத்தை வெற்றிடமாக விடலாம். அந்த வெற்றிடம் அளபுரு. அவ்வாறு எழுதி வைத்த பகுதி, அளபுருவை ஏற்கும் தொகுதி. படகு, நோயாளி, கோப்பு என வேண்டியதை இட்டு அதனை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

ராட் பர்சுட்டால், சோசப் கோகுவன் என்னும் இரு அறிஞர்கள் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். சிறு சிறு கோட்பாடுகளை ஒன்றுசேர்த்துப் பெரிய விவரக்குறிப்பை உருவாக்குவது எப்படி என்பதை அது ஆராய்ந்தது. அவர்கள் வகுத்த ‘கிளியர்’ என்னும் மொழியிலும், பின்னர்க் கோகுவன் வளர்த்த ‘ஓபிஜே’ மொழியிலும் அளபுருவுள்ள தொகுதிகள் இடம்பெற்றன. இசட் மொழிக்கோ, பெரிய விவரக்குறிப்பைப் பகுதிகளாகப் பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றைச் சுட்டும் முறை 2002ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரத்தில்தான் முறைப்படி அமைந்தது. முதலில் மொழி, பின்னர்த் தொகுதி என்பதே பெரும்பாலும் நிகழ்ந்த வரலாறு.

வெற்றிடம் விடுவது மட்டும் போதுமானதன்று என்பதைக் கோகுவன் வலியுறுத்தினார். பொருள்களை ஏறுவரிசையில் அடுக்கும் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் வெற்றிடத்தில் நெல் மூட்டைகளை எடை கொண்டு இடலாம். பெயர்களை அகரவரிசை கொண்டு இடலாம். ஊர்களைப் ‘பக்கத்து ஊர்’ என்னும் உறவைக்கொண்டு இட முடியுமா? நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர் சுசீந்திரம். அங்கிருந்து பக்கத்து ஊர், அதற்குப் பக்கத்து ஊர் என்று நடந்துகொண்டே போனால் கன்னியாகுமரி வந்துவிடும். ஆனாலும் நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர் கன்னியாகுமரி என யாரும் கூறமாட்டார்கள். எடையில் அப்படியில்லை, முதல் மூட்டையைவிட இரண்டாவதும், இரண்டாவதைவிட மூன்றாவதும் கனமானால், முதலாவதைவிட மூன்றாவது கனமானதே. அடுக்கும் தொகுதிக்கு இப்பண்பு இன்றியமையாதது. ஆகவே, வெற்றிடத்தில் வரும் பொருள் எப்பண்புகளைப் பெற்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் தொகுதியோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். அந்நிபந்தனையை இப்பொருள் எவ்வாறு நிறைவு செய்கிறது என்பதை, தொகுதியைக் கையாள்பவர் காட்ட வேண்டும். திருமணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போன்ற வேலைதான். ஆனால் இங்கே பொருத்தத்தைக் கணித முறையில் நிறுவியாக வேண்டும்.

நாற்பது நொடிகள்

நிபந்தனையை எழுதாமல் விட்டால் என்ன ஆகிவிடும்? நாஞ்சில் நாட்டின் வடகிழக்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையில் மகேந்திரகிரி உயர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்டப் பகுதியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஏவூர்திப் பொறிகளைச் சோதித்து வருகிறது. ஏவூர்தியின் உலோகப் பாகங்களைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு அதனை இயக்கும் நிரலையும் சோதிக்க வேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் நடந்தது.

1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ஏவூர்தி தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களை அது சுமந்திருந்தது. ஏறத்தாழ நாற்பது நொடிகளில் பாதை விலகி, உடைந்து, வெடித்துச் சிதறியது. உயிரிழப்பு இல்லை, பல ஆண்டு உழைப்பு அழிந்தது.

காரணத்தை ஆராய்ந்த குழு, பொறியிலோ எரிபொருளிலோ குறை காணவில்லை. ஏவூர்தியின் நிலையையும் திசையையும் கணிக்கும் நிரல், முந்தைய ஏரியன் 4 ஏவூர்தியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. அங்கே அது நன்றாக உழைத்த நிரல். அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய எண் ஒன்றை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் இருந்தது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. ஏரியன் 4 செல்லும் பாதையில் அவ்வளவு பெரிய மதிப்பு வாராது என்று கணித்து, அவ்விடத்துக்குப் பாதுகாப்பு ஏதும் செய்யவில்லை. அக்கணிப்பு ஏரியன் 4க்குச் சரியானது. ஏரியன் 5 தொடக்கத்திலேயே கிடைமட்டமாக மேலும் விரைந்து செல்லும் ஏவூர்தி. எண் எல்லையை மீறியது. கணிக்கும் கருவி நின்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல்தான் இருந்தது. ஆகவே அதுவும் அதே வகையில் நின்றுபோனது.

வேகம் இந்த எல்லைக்குள் இருக்கும்வரையே இந்நிரல் செல்லும் என்னும் வரி, நிரலில் அந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஏரியன் 5 ஏரியன் 4ஐப் போன்றது என்னும் மாட்டேறு மட்டும் இருந்தது. மா என்னும் பெயர் அங்கே வராது என்று ஒருவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, எழுதாமல் விட்டது போலாயிற்று.

இன்றைய விவரக்குறிப்பு மொழிகளில் இந்நிபந்தனையை எழுதுவதற்கென்றே இடம் உண்டு. லெசுலி லாம்போர்ட் உருவாக்கிய டி.எல்.ஏ. பிளசு என்னும் மொழியில், ஒரு தொகுதியின் பெயர்களுக்கு வேறு பொருள்களை ஈடாக இட்டு அதனைப் பயன்படுத்தலாம். தொகுதி கொண்டுள்ள அனுமானங்கள் வெளிப்படையாக எழுதப்படுவதால், அவை புதிய இடத்திலும் உண்மையா என்று கேட்க முடிகிறது. கோடிக்கணக்கானோரின் தரவுகளைக் காக்கும் இணைய நிறுவனங்களில் இம்மொழி பயன்பட்டு வருகிறது.

நாட்காட்டியா, நாள்காட்டியா?

தமிழில் சந்திப் பிழைகளைத் திருத்தும் மென்பொருள்கள் இன்று வந்துவிட்டன. அவற்றை எழுதுவோர் தொல்காப்பியமும் நன்னூலும் தந்த விதிகளையே நிரலாக்க வேண்டியிருக்கிறது. ணகர ஈற்றுக்கு ஒரு தொகுதி எழுதி, ளகர ஈற்றுக்கு அதையே மாட்டிவிட்டால் நிரல் பாதியாகச் சுருங்கும்.

ஆனால் வழக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மட்குடம் என்று இன்று சொல்பவர் அரியர். மண்பானை என்பதே வழக்கு. இதனைக் கண்ட மென்பொருளாளர் ணகர விதியைத் தளர்த்துகிறார் என்று கொள்வோம். மாட்டேற்றின் வழியே அத்தளர்ச்சி தானாகவே ளகரத்துக்கும் பாயும். அப்போது முட்செடி, வாட்போர், நாட்குறிப்பு என்று எவரும் ஐயமின்றி எழுதிவரும் சொற்களை அம்மென்பொருள் கட்டாயமற்றவை எனக் கருதத் தொடங்கும். ஒரு வரியில் செய்த மாற்றம், மென்பொருளாளர் நினைத்தும் பாராத சொற்களைத் தொட்டுவிடுகிறது. விதியைத் தளர்த்துவதற்கு முன், அதனைச் சுட்டி நிற்கும் விதிகள் எவை என்ற பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். அல்லது, மீனுக்குச் செய்தது போல, மண் என்னும் சொல்லுக்கு மட்டும் தனி விலக்கு எழுதி, பொது விதியைத் தொடாமல் விட வேண்டும்.

எது தக்கது என்பதை விதியைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. வகுப்பறைச் சுவரில் மாதத் தாள்களோடு தொங்குவதைச் சிலர் நாட்காட்டி என்கின்றனர். சிலர் நாள்காட்டி என்கின்றனர். அச்சில் இரண்டும் வருகின்றன. நாட்குறிப்பை நாள்குறிப்பு என எழுதுவோரோ குறைவு. நிலைமொழி ஒன்று, வருமொழியின் முதலெழுத்து ஒன்று, பொருளுறவும் ஏறத்தாழ ஒன்று; வழக்கு மட்டும் ஒரு சொல்லில் நெகிழ்ந்து, மற்றொன்றில் இறுகி நிற்கிறது.